தட்டில் இருந்தது என்ன நிறம்

த்ரேசியா: சரி, அப்ப நிறத்தைச் சொல்லுங்க.

லோனப்பன்: என்ன நிறம்?

த்ரேசியா: ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல தட்டுல வச்சுக் காட்டினாங்க, ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்னு நேத்துலேர்ந்து சொல்றீங்கல்ல. அது என்ன நிறம்?

லோனப்பன்: தட்டு ஸ்டீலு. நல்ல கனமான ஸ்டீலு. ஒரு பக்கம் உள்வாங்கி வளைஞ்சிருந்துச்சு...

த்ரேசியா: மனுஷா, தட்டை யாரு கேட்டா? தட்டுல இருந்ததைக் கேக்கறேன். என் கர்ப்பப்பையை. அறுபத்தொரு வருஷம் எனக்குள்ள இருந்ததை.

லோனப்பன்: ஓ, அதா... அது ஒரு மாதிரி செவப்பு.

த்ரேசியா: காலைல வெளுப்புன்னு சொன்னீங்க.

லோனப்பன்: வெளுப்புக்குள்ள செவப்பு. லைட்டு வேற மேல அடிச்சுது... நீ கஞ்சியைக் குடி. ஆறிடும்.

த்ரேசியா: அளவு?

லோனப்பன்: அளவா... இந்தா, இவ்வளவு. ஒரு தேங்கா அளவு.

த்ரேசியா: உரிச்ச தேங்காயா, உரிக்காததா?

லோனப்பன்: அடியே, ஆபரேஷன் முடிஞ்சு முழுசா ஒரு நாள் ஆகல. டாக்டரம்மா உன்னைச் சும்மா படுத்திருக்கச் சொன்னாங்க.

த்ரேசியா: சும்மாதானே படுத்திருக்கேன். வாய்தானே பேசுது. உரிச்சதா?

லோனப்பன்: உரிச்சது.

த்ரேசியா: இந்தப் போர்வையை விலக்குங்க. விலக்குங்கன்னா... என்ன வெக்கம், கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. எண்ணுங்க.

லோனப்பன்: எதை?

த்ரேசியா: வயித்துல ஒட்டியிருக்கற பிளாஸ்திரியை.

லோனப்பன்: ஒண்ணு, ரெண்டு... நாலு. இந்த ஓரத்துல ஒண்ணு. அஞ்சு.

த்ரேசியா: ஒவ்வொண்ணுக்கும் கீழ இருக்கற ஓட்டை எவ்வளவு பெரிசு?

லோனப்பன்: கோட்டுப் பொத்தான் போடற ஓட்டை இருக்கும்ல, அவ்வளவு.

த்ரேசியா: பொத்தான் ஓட்டை அஞ்சு. இதுல எது வழியா உரிச்ச தேங்கா வெளிய வந்துச்சு? சொல்லுங்க. கேட்டுக்கறேன்.

லோனப்பன்: அதான் ரோபோ வச்சு ஆபரேஷன் பண்ணினாங்கல்ல. அதெல்லாம் அது பாத்துக்கும்.

த்ரேசியா: பாத்துக்கும்னா? தேங்காயைத் துருவி எடுத்துச்சா?

லோனப்பன்: நீ அந்த மெஷினைப் பாத்திருக்கணும் த்ரேசி...

த்ரேசியா: பாத்தேனே. தியேட்டருக்குள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப பாத்தேன். நாலு கையையும் பிளாஸ்டிக் உறைக்குள்ள மடக்கி வச்சுக்கிட்டு நின்னுச்சு. கடையிலேர்ந்து இப்பத்தான் இறக்கியிருக்காங்க, இன்னும் உறையைக்கூடப் பிரிக்கலைன்னு நினைச்சேன். முதல் போணி நான்தானான்னு கேக்க வாயெடுத்தேன், அதுக்குள்ள மயக்க ஊசி போட்டுட்டாங்க.

லோனப்பன்: உறை சுத்தத்துக்குடி. வெளிய டீவியில ஓட்டிக் காட்டினாங்க, நான் மூணு தடவை பாத்தேன். டாக்டரம்மா நோயாளி பக்கத்துலயே நிக்கறதில்ல. தள்ளி ஒரு மூலையில உக்காந்து, ஒரு பெட்டிக்குள்ள முகத்தை வச்சுக்கறாங்க. விரலை ரெண்டு வளையத்துல மாட்டிக்கறாங்க. காலுக்குக் கீழ பெடல். நம்ம தையல் மெஷின் மாதிரியே பெடல், ஆனா ஏழு இருக்கு. இவங்க இங்க விரலை இத்தனூண்டு திருப்பினா, அங்க வயித்துக்குள்ள இடுக்கி திரும்புது. மனுஷன் மணிக்கட்டு எவ்வளவு சுத்தும்? இவ்வளவுதான். அது முழு வட்டம் போடுதுடி. நாப்பது வருஷமா தையல் மெஷினைப் பிரிச்சு மாட்டறேன், அப்படி ஒரு...

த்ரேசியா: இருங்க. அப்ப டாக்டரம்மா என்னைத் தொடவே இல்லையா?

லோனப்பன்: தொட்டாங்க... அதாவது, மெஷின் உன்னைத் தொட்டுச்சு. அவங்க மெஷினைத் தொட்டாங்க.

த்ரேசியா: மூலையில உக்காந்து.

லோனப்பன்: மூலையில உக்காந்து.

த்ரேசியா: என் பக்கத்துல யாரு நின்னா?

லோனப்பன்: இன்னொரு டாக்டர் நிப்பாராம். இடுக்கியை மாத்திக் குடுக்க.

த்ரேசியா: அப்ப ஆபரேஷன் பண்ணினது டாக்டரம்மாவா, மெஷினா, பக்கத்துல நின்னவரா?

லோனப்பன்: மூணு பேரும்தான்... எனக்கே முதல்ல குழம்பிச்சு. நீ யோசிக்காத. யோசிச்சா தலைதான் வலிக்கும்.

த்ரேசியா: தலை வலிக்கல. தோளு வலிக்குது. ரெண்டு தோளும் கத்தி வச்சுக் குத்தற மாதிரி. ஆபரேஷன் வயித்துலன்னு சொல்லித்தானே கூட்டிக்கிட்டு வந்தீங்க? வயிறு சும்மா இருக்கு, தோள்ல என்ன பண்ணினாங்க? கண்ணாடியைக் காட்டுங்க... பாருங்க இந்த மூஞ்சியை. கண்ணு இமை ரெண்டும் பணியாரமா வீங்கியிருக்கு. யாருக்கோ பண்ண வேண்டியதை எனக்குப் பண்ணிட்டாங்களோ என்னமோ.

லோனப்பன்: அய்யோ, அது காத்து. வயித்துக்குள்ள காத்தடிச்சு உப்ப வச்சுத்தான் உள்ள வேலை பாப்பாங்களாம். மிச்சம் நிக்கற காத்து மேல ஏறினா வலி தோள்ல வந்து தெரியுமாம். ரெண்டு மூணு நாள்ல போயிடும். அப்புறம், குடல் நெஞ்சுப் பக்கம் சரியட்டும்னு உன்னைத் தலை கீழ, கால் மேலன்னு மூணு மணி நேரம் சாய்ச்சுப் போட்டிருந்தாங்க. அதுல நீரெல்லாம் மூஞ்சிக்கு இறங்கிடுச்சு. நாளைக்கு வடிஞ்சிடும். எழுந்து நாலு எட்டு நடந்தா காத்தும் கலையும்.

த்ரேசியா: இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?

லோனப்பன்: நர்ஸு.

த்ரேசியா: அவங்களா வந்து சொன்னாங்களா, நீங்க கேட்டீங்களா?

லோனப்பன்: கேட்டேன்.

த்ரேசியா: நீங்க கேட்டீங்க. டாக்டரைப் பாத்தா "சரிங்க சார்"ங்கறதைத் தவிர வேற வார்த்தை தெரியாத மனுஷன். பல்லு பிடுங்கப் போயி, தப்பான பல்லைப் பிடிச்சு இழுக்கறாங்கன்னு தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்த மனுஷன். நீங்க கேட்டீங்க.

லோனப்பன்: பொண்டாட்டிக்கு ஆபரேஷன்னா கேக்கமாட்டேனா...

த்ரேசியா: தோளு ஏன் வலிக்குதுன்னு தெரியும். மூஞ்சி ஏன் வீங்கிச்சுன்னு தெரியும். பெடல் ஏழுன்னு தெரியும். தட்டுல இருந்தது என்ன நிறம்னு மட்டும் தெரியாது.

லோனப்பன்: செவப்புன்னுதான் சொன்னேனே.

த்ரேசியா: கதவு சாத்தியிருக்கா?

லோனப்பன்: சாத்தியிருக்கு.

த்ரேசியா: இங்க கிட்ட வந்து உக்காருங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்களா?

லோனப்பன்: ச்சீ... என்ன பேச்சு இது.

த்ரேசியா: மாசம் நின்னு பத்து வருஷம் கழிச்சு திரும்பவும் ரத்தம் பட்டுச்சு. சதையைச் சுரண்டி எடுத்துச் சோதிச்சு, கர்ப்பப்பையில கேன்சர்னு சொன்னாங்க. அதை என்கிட்ட மறைக்கல. நல்லது. ஆனா உள்ள போயிப் பாத்தா பரவியிருந்திருக்கும். அஞ்சு ஓட்டை வழியா எட்டிப் பாத்துட்டு, இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு ஒட்டி அனுப்பிட்டாங்க. அதானே?

லோனப்பன்: இல்லவே இல்ல. எல்லாம் எடுத்தாச்சு. மகன் அயர்லாந்துலேர்ந்து போன் பண்ணினப்பகூட அதைத்தான் சொன்னேன்.

த்ரேசியா: அம்மச்சிகிட்டயும் அதைத்தானே சொன்னோம்?

லோனப்பன்: ...அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

த்ரேசியா: என்னைப் பெத்த அம்மச்சியைத் தொறந்து பாத்தாங்க. வயிறு பூரா பரவியிருக்குன்னு தச்சு மூடிட்டாங்க. நாமெல்லாம் கட்டிலைச் சுத்தி நின்னுக்கிட்டு என்ன சொன்னோம்? எல்லாம் எடுத்தாச்சு அம்மச்சி, எலுமிச்சங்கா அளவு இருந்துச்சு, தட்டுல வச்சுக் காட்டினாங்க அம்மச்சின்னு சொன்னோம். நான்தான் சொன்னேன். செவப்பா இருந்துச்சுன்னு நிறம் வரைக்கும் சொன்னேன். கட்டில்ல கிடக்கறவகிட்ட எப்படிப் பேசுவாங்கன்னு எனக்கு அத்துப்படி. நீங்க நேத்துலேர்ந்து பேசறது அந்தப் பேச்சு.

லோனப்பன்: அது வேற, இது வேற த்ரேசி.

த்ரேசியா: அம்மச்சி நம்பினாங்க. கஞ்சி குடிச்சாங்க. இடுப்புல வெள்ளை முண்டு மடிச்சுக் கட்டிக்கிட்டு நிமிந்து உக்காந்து ஜபமாலை சொன்னாங்க. ஒரு மாசம் அப்படிப் போச்சு. அப்புறம் செபஸ்தியார் திருநாள் வந்துச்சு. நாங்க ஊர்வலத்துக்குப் போயிட்டு மேளச்சத்தம் காதுல அடைச்சுக்கிட்டே திரும்பி வந்தா, கட்டில் ஓரத்துல சேச்சி உக்காந்திருக்கா. அம்மச்சி சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்காங்க. "எனக்கு எல்லாம் தெரியும்டி"ங்கறாங்க. அன்னையிலேர்ந்து ஒரு பருக்கை உள்ள போகல.

லோனப்பன்: விடு... பதினோரு வருஷம் ஆச்சு.

த்ரேசியா: கூடப்பொறந்த அக்கான்னு பாக்காம கேட்டேன். உன் நாக்குதான் அம்மச்சியைக் கொன்னுச்சு பிரிஜீத்தா, இனிமே நான் சாகக்கிடந்தாத்தான் நீ என் முகத்துல முழிக்கணும்னேன். அவ வாயே திறக்கல. செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டா. அவ அப்படித்தான், சின்ன வயசுலேர்ந்தே பொய் சொல்ல வராது அவளுக்கு. நான் சர்க்கரை திருடினா என்னைக் காட்டிக் குடுப்பா, அவ திருடினா அவளையே காட்டிக் குடுத்துப்பா.

லோனப்பன்: கஞ்சி...

த்ரேசியா: கஞ்சி கஞ்சின்னு ஏன் உயிரை வாங்கறீங்க? குடுங்க. ஒரு வாய் குடிச்சாத்தான் விடுவீங்க.

லோனப்பன்: மெதுவா. அந்தத் துவையலைத் தொட்டுக்கோ. வாய்க்கு நல்லா இருக்கும்.

த்ரேசியா: இருங்க, இருங்க.

லோனப்பன்: என்ன, காரமா?

த்ரேசியா: இந்தத் துவையல் எங்க வாங்கினீங்க?

லோனப்பன்: கீழ. கேன்டீன்ல.

த்ரேசியா: கேன்டீன்ல தேங்காயைக் கங்குல சுட்டா அரைக்கறாங்க?

லோனப்பன்: சுடுவாங்களா இருக்கும்.

த்ரேசியா: புளிக்குப் பதிலா இரும்பன்புளிக்காய் போடறாங்களா, எர்ணாகுளத்துல, ஆஸ்பத்திரி கேன்டீன்ல?

லோனப்பன்: நான் என்னத்தைக் கண்டேன். பொட்டலம் கட்டிக் குடுத்தான், வாங்கிக்கிட்டு வந்தேன்.

த்ரேசியா: சரி. ஒண்ணு கேக்கறேன், மாதாவை நினைச்சு உண்மையைச் சொல்லுங்க. நேத்து மயக்கம் தெளியாம கிடந்தேனே, அப்பலேர்ந்து இப்ப வரைக்கும் இந்த ரூமுக்குள்ள யாராச்சும் வந்தாங்களா?

லோனப்பன்: நர்ஸு. ரத்த அழுத்தம் பாக்க ஒரு பொண்ணு.

த்ரேசியா: ஆஸ்பத்திரிக்காரங்களை விடுங்க. சொந்தக்காரங்க?

லோனப்பன்: இல்ல.

த்ரேசியா: யாரும் இந்த வாசப்படியைத் தாண்டி வரல? நான் தூங்கறப்ப வந்து என் முகத்தைப் பாத்துட்டுப் போகல?

லோனப்பன்: மாதா சத்தியமா யாரும் தாண்டல.

த்ரேசியா: அப்பாடா...

லோனப்பன்: ஏன் அழற?

த்ரேசியா: அழல.

லோனப்பன்: அப்ப சிரிக்கறியா? இந்த வீங்கின மூஞ்சியில ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல.

த்ரேசியா: அந்தக் கஞ்சியை இப்படித் தள்ளுங்க. துவையல் இன்னும் கொஞ்சம் வைங்க. பசிக்குது எனக்கு.

லோனப்பன்: இவ்வளவு நேரம் கேள்வி கேட்டே கொன்ன. இப்ப திடீர்னு பசிக்குதா?

த்ரேசியா: இப்ப நிறமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீங்க தட்டைப் பாக்கவே இல்லன்னு எனக்கு நேத்தே தெரியும்.

லோனப்பன்: ...எப்படி?

த்ரேசியா: கல்யாணத்துக்கு மறுநாள் நான் மத்தி மீனுக்குச் செதில் எடுக்கறதைப் பாத்துட்டு கிணத்தடியில மயங்கி விழுந்த ஆளு நீங்க.

லோனப்பன்: கண்ணை மூடிக்கிட்டேன் த்ரேசி. பேரைக் கூப்பிட்டதும் ஓடினேன். அந்தப் பொண்ணு துணியை விலக்கினதும் கண்ணு தானா மூடிக்கிச்சு. பாத்துட்டேன் பாத்துட்டேன்னு சொன்னேன். மன்னிச்சுக்கோ.

த்ரேசியா: போகட்டும். பக்கத்துல வேற யாராச்சும் பாத்தாங்களா?

லோனப்பன்: ...திட்டமாட்டியே?

த்ரேசியா: மாட்டேன்.

லோனப்பன்: நான் கூப்பிடல, சத்தியமா கூப்பிடல. சர்ச்சுல யாரோ சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கறேன். நேத்து நான் தியேட்டர் வாசலுக்குப் போறப்பவே அவங்க அங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. பிரிஜீத்தாச் சேச்சி.

த்ரேசியா: ம்.

லோனப்பன்: கோவம் வரலையா?

த்ரேசியா: இல்ல.

லோனப்பன்: நிஜமாவா? தோளு, காத்து, மூஞ்சி வீக்கம், எல்லாத்தையும் நர்ஸை நிக்க வச்சுக் கேட்டது அவங்கதான். இந்தக் கஞ்சி, துவையல் எல்லாம் கலூர்ல இருக்கற அவங்க மக வீட்டுலேர்ந்து செஞ்சு எடுத்துட்டு வந்தது. உன்கிட்ட சொன்னா ஆபரேஷன் பண்ணின வயிறு, கோவத்துல என்னாகுமோன்னு பயந்துட்டேன்.

த்ரேசியா: வெளியவேதான் நின்னாளா?

லோனப்பன்: வராந்தா பெஞ்சியில. உள்ள வாங்க, தங்கச்சி முகத்தை ஒரு தடவை பாருங்கன்னு எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? அசையல. வரமாட்டேன், வரக்கூடாதுன்னே சொன்னாங்க.

த்ரேசியா: நல்லது. என் கூடப்பொறந்தவ.

லோனப்பன்: என்ன நல்லது? எனக்கு மனசு கேக்கல. இன்னைக்குக் காலைல அழுதே விட்டேன். உங்க தங்கச்சி எதையும் நம்பமாட்டேங்கறா, என்கிட்ட நிறம் கேக்கறா சேச்சின்னேன். அதைக் கேட்டதும் அவங்க முகமே மாறிப் போச்சு. "அப்படியா, அப்ப இனிமே நான் போய்த்தான் ஆகணும்"னாங்க.

த்ரேசியா: எங்க போய்?

லோனப்பன்: இங்கதான். உன்னைப் பாக்க. ஜபமாலை முடிச்சுட்டு வரேன்னாங்க. இப்ப வந்துடுவாங்க. சந்தோஷம்தானே? நீயும் கோவம் இல்லன்னுட்ட. எல்லாம் நல்லபடியா...

த்ரேசியா: கதவைத் தாள் போடுங்க.

லோனப்பன்: ஏன்?

த்ரேசியா: போடுங்க மனுஷா. அவ உள்ள வரக்கூடாது.

லோனப்பன்: இப்பத்தானே கோவம் இல்லன்ன...

த்ரேசியா: கோவம் இல்ல, பயம். போன வாரம் நீங்க கடைக்குப் போயிருந்தப்ப நான்தான் அவளுக்குப் போன் பண்ணினேன்.

லோனப்பன்: நீயா? சேச்சிக்கா?

த்ரேசியா: பதினோரு வருஷம் கழிச்சு. மூச்சு விடாம சொன்னேன். எனக்கு ஆபரேஷன், என் ஆளு தட்டைப் பாக்கமாட்டாரு, பாத்தாலும் என்கிட்ட உண்மையைச் சொல்லமாட்டாரு. எனக்குத் தெரிஞ்சு பொய் சொல்லாத ஆளு நீ ஒருத்திதான். வந்து பாரு. எல்லாம் வெளிய வந்துட்டா, என்கிட்ட வராத, அப்படியே வீட்டுக்குப் போயிடு. தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்கன்னா மட்டும் உள்ள வந்து என் முகத்தைப் பாரு, நான் புரிஞ்சுக்கறேன்னு சொன்னேன். நான் சாகக்கிடந்தாத்தானே அவ என் முகத்துல முழிக்கணும், அந்தக் கணக்கு.

லோனப்பன்: சேச்சி என்ன சொன்னாங்க?

த்ரேசியா: "தேதி சொல்லு"ன்னா. சொன்னேன். வச்சுட்டா. அப்புறம் வந்தாளா வரலையான்னே தெரியல. அதனாலதான் உங்களைப் போட்டு அத்தனை கேள்வி. அவ கைத் துவையலை வாயில வச்சதும் வந்திருக்கான்னு புரிஞ்சுது, நீங்க சத்தியம் பண்ணினதும் உள்ள வரலன்னும் தெரிஞ்சுது. அந்த நிமிஷம் எனக்கு உயிர் திரும்பி வந்துச்சு. இப்ப வரேன்னு சொல்லிட்டாளாமே. போய்த்தான் ஆகணும்னாளாமே...

லோனப்பன்: அய்யய்யோ. நான்தான் இழுத்து விட்டேன் த்ரேசி. நான் அழுததாலதான் வராங்க, வேற ஒண்ணும் இல்ல...

த்ரேசியா: நீங்க அழுதா அவ இரங்கறவளா? உண்மை எதுவோ அதைச் செய்யறவ அவ. தட்டுல ஒண்ணுமே இல்லையோ என்னமோ. நீங்கதான் கண்ணை மூடிக்கிட்டீங்களே.

லோனப்பன்: தட்டறாங்க.

த்ரேசியா: திறக்காதீங்க.

பிரிஜீத்தா: லோனப்பா, கதவைத் திற.

லோனப்பன்: சேச்சி, இப்ப வேண்டாம் சேச்சி. அவ தூங்கறா.

பிரிஜீத்தா: அவ குரல் லிஃப்ட் வரைக்கும் கேக்குது. திற, நான் உள்ள வரல.

லோனப்பன்: உள்ள வரமாட்டாங்களாம். திறக்கவா?

த்ரேசியா: நான் போர்வையை முகத்து மேல போட்டுக்கறேன். அவ என் முகத்தைப் பாக்க வேண்டாம்... இப்ப திறங்க.

பிரிஜீத்தா: போர்வையை எடுடி. மூச்சு முட்டப் போகுது. என் காலைப் பாரு, வாசப்படிக்கு இந்தப் பக்கம்தான் இருக்கு. வரல.

த்ரேசியா: அப்ப ஏன் வந்த?

பிரிஜீத்தா: உன் புருஷன் சொல்ற நிறத்தையும் அளவையும் கேட்டா, நோயில தப்பிச்சவகூட பயத்துல போயிடுவா. அதனாலதான் வந்தேன். வாசல்ல நின்னே சொல்லிட்டுப் போயிடறேன். கேளு. நேத்து பதினொண்ணேகாலுக்கு உன் பேரைக் கூப்பிட்டாங்க. இவன் கண்ணை இறுக்கிக்கிட்டான். நான் பாத்தேன். கர்ப்பப்பை, அதோட ரெண்டு பக்கமும் டியூப்பு, ரெண்டு சினைப்பை. எல்லாம் ஒண்ணாச் சேந்து முழுசா இருந்துச்சு. திருப்பிக் காட்டச் சொன்னேன். அந்தப் பொண்ணு முறைச்சுது. இன்னொரு தடவையும் காட்டச் சொன்னேன்.

த்ரேசியா: தேங்கா அளவா?

பிரிஜீத்தா: எந்தத் தேங்கா? ஒரு பேரிக்கா அளவு.

த்ரேசியா: என்ன நிறம்?

பிரிஜீத்தா: வெளிறின ரோஸு. அடியில ஒரு இடம் கொஞ்சம் கறுத்திருந்துச்சு.

த்ரேசியா: எந்த ஓட்டை வழியா எடுத்தாங்க?

பிரிஜீத்தா: அஞ்சு ஓட்டையும் கேமராவும் மெஷினோட கையும் நுழையறதுக்கு. உன் மகன் எந்த வழியா வந்தானோ அந்த வழியாத்தான் எடுத்தாங்க. நாப்பது வருஷம் மெஷின் பிரிச்சவனுக்கு அது தோணல பாரு.

லோனப்பன்: யாரும் சொல்லலையே...

பிரிஜீத்தா: நீ கேக்கலையே.

த்ரேசியா: அப்ப... எல்லாம் போயிடுச்சா சேச்சி?

பிரிஜீத்தா: கண்ணுக்குத் தெரிஞ்சது எல்லாம் வெளிய வந்தாச்சு. வேற எங்கயும் பரவினதா தெரியலன்னு டாக்டரம்மா என்கிட்ட சொன்னாங்க. கண்ணுக்குத் தெரியாதது என்னன்னு பத்து நாள் கழிச்சு ரிப்போர்ட்டு வந்தாத்தான் தெரியும். அதை நான் இப்ப சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது.

த்ரேசியா: ...போதும். அது போதும் எனக்கு.

பிரிஜீத்தா: அப்ப நான் கிளம்பறேன். தூக்குச்சட்டியைக் கழுவிக் குடு லோனப்பா.

த்ரேசியா: சேச்சி, உள்ள வா.

பிரிஜீத்தா: நீ சாகக்கிடக்கல. நல்லாத்தான் இருக்க.

த்ரேசியா: அது நான் கோவத்துல சொன்னது. அம்மச்சிகிட்ட நீ போயி உடைச்சுட்டியே, அந்த ஆத்திரம். இப்ப நான் கட்டில்ல கிடந்து பாத்துட்டேன். சொல்றவங்க ஒருத்தராச்சும் வேணும். நீ அம்மச்சிகிட்ட சொன்னது சரிதான் சேச்சி. நான்தான் தப்பு. வா.

பிரிஜீத்தா: ...

த்ரேசியா: பாரு, இப்பவும் ஒண்ணும் பேசமாட்டேங்கற. அன்னைக்கும் இப்படித்தான் நின்ன.

பிரிஜீத்தா: நான்தான் சொன்னேன்னு உன்கிட்ட எப்பவாச்சும் சொன்னேனா?

த்ரேசியா: என்னது?

பிரிஜீத்தா: நான் சொன்னேன்னு என் வாயாலே சொன்னேனா?

த்ரேசியா: இல்லன்னும் சொல்லலையே.

பிரிஜீத்தா: நீ கேக்கல. நீயா முடிவு பண்ணின. உனக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணும். அந்த ஆளு ஒரே வீட்டுல இருந்தா உனக்குத்தான் கஷ்டம்.

த்ரேசியா: புரியல. நாங்க வந்தப்ப அம்மச்சி பக்கத்துல நீதானே இருந்த?

பிரிஜீத்தா: அப்ப பக்கத்து வீட்டுலதானே இருந்தேன். அழுகைச் சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி ஓடி வந்தேன்.

த்ரேசியா: யாரோட அழுகை? அம்மச்சி அழலையே. எல்லாரும் ஊர்வலத்துக்குப் போயிட்டோமே, வீட்டுல வேற யாரு... மனுஷா, நீங்க ஏன் கதவைப் பிடிச்சுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கறீங்க?

லோனப்பன்: அன்னைக்கு அம்மச்சிக்குத் துணையா என்னைத்தான் விட்டுட்டுப் போனீங்க த்ரேசி. அம்மச்சி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. மோனே, தட்டுல காட்டினாங்களே, அது என்ன நிறம்னு... நீ சொன்ன செவப்பை மறந்து, நான் வெளுப்புன்னு சொல்லிட்டேன்.